இடது காதுக்கு மெழுகு

ஒரு கடலைக் கிடங்கின் அடியில் சுண்டெலிகளின் நாடு ஒன்று இருந்தது. அங்கே குட்டி பிறந்ததும் அப்பன் அதன் வலது காதில் "வளர்" என்பான். ஆத்தாள் இடது காதில் "போதும்" என்பாள். இரண்டு சொல்லும் சாகும்வரை உள்ளே ஒலிக்கும். அதனால்தான் சுண்டெலிகள் அளவோடு வளர்ந்து, சுவர் வளைகளில் புகுந்து பூனையிடமிருந்து தப்பின.

பெருவாலன் மன்னனானதும் இந்த "போதும்" அவனை உறுத்தியது. நாளைக்குத் தன்னைப் பார்த்தும் குடிகள் அதையே சொல்லிவிட்டால்? ஒலியடக்கத் துறை பிறந்தது. குட்டிகளின் இடது காதை மெழுகால் அடைக்க ஆணையிட்டு, முன்மாதிரியாகத் தன் காதையும் அடைத்துக்கொண்டான்.

மூக்காயி ஒரு மகனையும் ஒரு மகளையும் ஈன்று படுத்திருந்தாள். துறை அமைச்சரே மெழுகோடு வந்தார்.

"தாயே, இது தடை அல்ல. உன் சொல் உள்ளே பத்திரமாக இருக்கும். கேட்காது, அவ்வளவுதான்."

"கேக்காத சொல்லு எதுக்குங்க?"

"நாட்டின் வளர்ச்சிக்கு."

குட்டிகள் தின்றன, வளர்ந்தன, மறுபடி தின்றன. மூக்காயி எலும்பும் தோலுமானாள். துறை குட்டிகளை எடைபோட்டு விழா எடுத்தது. பிறகு குட்டிகள் வளைகளில் சிக்கத் தொடங்கின. அமைச்சரவை ஆழ்ந்து யோசித்து, குற்றம் வளைகளுடையது என்று கண்டது. எல்லா வளைகளும் அகலமாயின. பூனையின் கை தாராளமாக உள்ளே வந்து, மூக்காயியின் மகனை அவள் கண்ணெதிரே இழுத்துப் போனது.

"நல்ல எடை. நாட்டுக்கே பெருமை," என்றார் இரங்கல் சொல்ல வந்த அமைச்சர்.

மூக்காயிக்கு இனி மிச்சம் மகள் சிலம்பாயியும் அவள் வயிற்றுப் பிள்ளைகளும்தான். ஒருநாள் கடலையை நீட்டியபோது மகள் தலையாட்டினாள்.

"எனக்குப் போதும்மா."

மூக்காயி அவள் காதைப் பார்த்தாள். மெழுகு உருகி வழிந்திருந்தது. இந்த மெழுகு உருகவே உருகாது என்று துறை சான்று கொடுத்திருந்தது. ஆனால் சோதித்ததெல்லாம் ஆண்களின் காதில். சூல்கொண்டவளின் உடற்சூடு எவனுக்கும் நினைவுக்கு வரவில்லை.

மூக்காயி வளை வளையாகப் போனாள். பெண்களின் காதில் உருகியதை வழித்தெடுத்தார்கள். உருகாத மகன்களின் காதை ஆத்தாள்கள் கொறித்துத் திறந்தார்கள். பிள்ளைகள் மெலிய மெலிய, அந்த மெழுகைப் பூசியே வளைகளைக் குறுக்கினார்கள். பட்டப்பகலில்தான்.

"யார் அனுமதி?" என்றார் அமைச்சர்.

"எங்க பிள்ளைங்க காதுல ஊத்துன மெழுகுங்க. யாருகிட்டக் கேக்கோணும்?"

சிலம்பாயி குட்டி போட்டாள். அடைக்க வந்த அதிகாரிகளின் தொந்தி வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே அப்பன் ஒரு காதிலும் ஆத்தாள் ஒரு காதிலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள்.

அப்புறம் பூனை வந்தது. குடிகள் வளைக்குள் மறைந்தார்கள். மன்னன் ஓடிவந்து மூக்காயியின் வளையில் தலையை நுழைத்தான். தோள் நுழையவில்லை.

"வழி விடு, இது அரச ஆணை."

"வழி இருக்குதுங்க மகாராசா. நீங்கதான் ரொம்ப வளந்துட்டீங்க."

அவனுடைய இடது காது அவள் வாய்க்கருகில் இருந்தது. மூக்காயி அதில் "போதும்" என்றாள். நல்ல மெழுகு, மன்னனுக்குக் கேட்கவில்லை.