பறக்காமைச் சான்றிதழ்

ஒரு காட்டில் செவந்தி என்று ஒரு செம்பருந்து இருந்தாள். சும்மா இருந்தாள் என்பது அவளைப் பெற்றவளின் கருத்து. உண்மையில் அவள் சும்மா இருந்ததே இல்லை. காலையில் எழுந்தால் ஆற்றுக்கு மேலே, மலைக்கு மேலே, மேகத்துக்கும் கொஞ்சம் மேலே என்று சிறகை அசைக்காமல் வட்டமடிப்பாள். அந்த உயரத்திலிருந்து ஆற்றில் எந்த மீன் எந்த மீனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும். ஆனால் பாருங்கள், அதற்கெல்லாம் வருகைப் பதிவேடு கிடையாது.

"பொழுது விடிஞ்சா வானத்துல சுத்தறது, பசிச்சா மரத்துக்கு வர்றது. இதெல்லாம் ஒரு பொழைப்பாடி?" என்பாள் அம்மா.

அம்மாவையும் குறை சொல்வதற்கில்லை. எதிர்க்கிளையில் ஒரு மைனா குடும்பம் இருந்தது. அந்த மைனாக்காரியின் மகனுக்கு வங்கியில் டோக்கன் நம்பர் கூப்பிடும் வேலை. "டோக்கன் நாற்பத்திரண்டு, கவுண்டர் மூன்று." இவ்வளவுதான் வேலை. ஆனால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. மைனாக்காரி தினமும் கிளை நுனிக்கு வந்து, "எம் பையன் ஏசியிலயே இருந்து சளி பிடிச்சுக்கிச்சுக்கா" என்று வருத்தப்படுவதுபோல் பெருமைப்படுவாள். அவள் போன பிறகு அம்மா கூட்டுக் குச்சிகளைக் கலைத்துக் கலைத்து அடுக்குவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் செவந்தி ஒன்றையே நினைத்துக்கொள்வாள். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அம்மா அந்த மைனாக்காரியிடம் தலையை நிமிர்த்தி "எம் பொண்ணு" என்று ஆரம்பிக்க வேண்டும். அது போதும் அவளுக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் வனராஜா ஏர்வேஸ் என்று ஒரு விமான நிறுவனம் காட்டுக்குள் வந்தது. விமானம் இன்னும் வரவில்லை. விளம்பரம் வந்துவிட்டது. 'பைலட் பயிற்சிக்கு ஆள் தேவை. ஒரே ஓர் இடம். தொப்பி, சீருடை, தோளில் தங்கப் பட்டை நிறுவனமே வழங்கும்' என்று மரத்துக்கு மரம் ஒட்டியிருந்தார்கள். செவந்தி அதை ஆகாயத்திலிருந்தே படித்துவிட்டாள். நேராக வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"பைலட்டா?" என்றாள் அம்மா. "அப்போ அந்த மைனாக்காரி மூஞ்சி..." மறுநாளே காடு முழுக்கச் சொல்லிவிட்டாள். விண்ணப்பப் படிவம்கூட இன்னும் வாங்கவில்லை.

காட்டில் யாருக்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் பேச்சிமுத்துவிடம்தான் போவார்கள். பேச்சிமுத்து ஒரு முள்ளம்பன்றி. முதுகு நிறையப் பேனா. புளியமரத்தடியில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், முன்னால் எப்போதும் ஒரு வரிசை. செவந்தி வரிசையில் நின்று படிவத்தை நீட்டினாள். எல்லாம் அவளே நிரப்பியிருந்தாள். பேச்சிமுத்து மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்து ஒன்பதாவது கட்டத்தில் நின்றான்.

"முன் பறப்பு அனுபவம்னு கேட்டிருக்கான். நீ என்ன எழுதியிருக்கே?"

"பிறந்த எட்டாவது வாரத்துலேர்ந்துன்னு எழுதியிருக்கேண்ணே."

பேச்சிமுத்து சுற்றும்முற்றும் பார்த்தான். "நல்லவேளை, என்கிட்ட கொண்டு வந்தே. கீழே பொடி எழுத்துல என்ன போட்டிருக்கான், படி."

செவந்தி படித்தாள். 'முன்பே பறந்தவர்கள் விண்ணப்பிக்கத் தகுதியற்றவர்கள். பறந்ததில்லை என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் பறக்காமைச் சான்றிதழ் பெற்று இணைக்கவும்.' ஆகாயத்திலிருந்து எலியின் மீசையைப் பார்க்கிற கண்ணுக்கு இது மட்டும் தெரியாமல் போயிருக்கிறது.

"இது என்னண்ணே அநியாயம்? பைலட் வேலைக்குப் பறக்கத் தெரியக் கூடாதா?"

"அநியாயமெல்லாம் கம்பெனிக்காரன்கிட்ட கேளு, தாயி. நான் கட்டம் நிரப்புறவன்." பேச்சிமுத்து முதுகிலிருந்து ஒரு பேனாவைப் பிடுங்கி, எட்டாவது வாரத்தை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினான். "இனிமே நேர்முகத் தேர்வு முடியுற வரைக்கும் தரையிலேயே இரு. றெக்கையைச் சோம்பல் முறிக்கக்கூட விரிக்காதே. கண்ணு வச்சுக் கெடுக்கன்னே காட்டுல பாதிப் பேரு திரியுறான்."

கிராம நிர்வாக அலுவலர் ஓர் ஆமை. அவர் நியாயஸ்தர். கண்ணால் பார்க்காததில் கையெழுத்துப் போடமாட்டார். "நீ பறக்கலைங்கறதை நான் நேர்ல பார்க்கணும்மா" என்றார். செவந்தி அவர் எதிரே மூன்று நாள் நின்றாள். முதல் நாள் அவர் தலையை வெளியே நீட்டினார். இரண்டாம் நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தூங்கினார். எழுந்து, "திருப்தி" என்று முத்திரை குத்தினார்.

அன்றிலிருந்து இரண்டு மாதம் செவந்தி நடந்தாள். பருந்து நடந்து பார்த்திருக்கிறீர்களா? புது வேட்டி கட்டிய மாப்பிள்ளைபோல, அடிக்கு ஒரு தடவை தடுக்கும். கூட்டுக்குத் தொற்றிக்கொண்டு ஏறினாள். மீனுக்குப் பதில் வெட்டுக்கிளி தின்றாள். மேலே காற்று நன்றாக எழும்புகிற மதிய வேளைகளில் அவளுக்கு அழுகையே வரும். தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிடுவாள். அம்மா மட்டும் கிளையிலிருந்து பார்த்துப் பூரித்தாள். "இப்பத்தாண்டி நீ பொறுப்பா நடந்துக்கறே."

நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. மொட்டைப்பாறை உச்சி, காலை ஒன்பது மணி. பறந்தால் நாலு நிமிடம். நடந்தால் ஒரு நாள். செவந்தி முதல் நாள் காலையிலேயே நடக்கத் தொடங்கி, பாதி மலையில் தங்கி, விடிந்ததும் மறுபடி நடந்தாள். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு முயலைப் பார்த்தாள். பெயர் சொக்கலிங்கம். அவனும் அதே தேர்வுக்குத்தான் வந்திருந்தான். கழுத்தில் டை, கையில் போன்.

"அக்கா, நீங்களும் பைலட் தேர்வுக்கா? ஒரு நிமிஷம், வியூ சூப்பரா இருக்கு, ஒரு வீடியோ எடுத்துக்கறேன்" என்றான். போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி வைத்தான். மூன்றாவது அடிக்குப் பாறை இல்லை.

சொக்கலிங்கம் விழுந்தான்.

செவந்தி விளிம்பில் நின்றாள். காலில் பறக்காமைச் சான்றிதழ் கட்டியிருந்தது. இரண்டு மாத நடை. அம்மா. மைனாக்காரி. ஒரே ஓர் இடம், அதற்குப் போட்டிக்கு வந்தவனோ தானாகவே கீழே போய்க்கொண்டிருக்கிறான். இவ்வளவும் அவள் மனசில் ஓடியது உண்மை. அதை மறைத்து அவளை உத்தமி ஆக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இவ்வளவும் ஓடி முடிவதற்குள் அவள் சிறகு மடங்கி, உடம்பு கல்லாகி, பாதிப் பள்ளத்தில் இறங்கியிருந்தாள். சொக்கலிங்கத்தின் காதைக் கொத்தாகப் பிடித்தாள். சிறகை விரித்தாள். காற்று வந்து தூக்கியது. இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த காற்று. வேண்டுமென்றே ஒரு வட்டம் கூடுதலாக அடித்துவிட்டுத்தான் அவனைப் பாறைமேல் இறக்கினாள்.

"தம்பி, இதை யாருகிட்டயும் சொல்லிடாதே."

"உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க அக்கா! சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்" என்றான் சொக்கலிங்கம். கண்ணில் நீர். போனை அவன் கடைசிவரை விடவில்லை.

வழக்கமான கதையாக இருந்தால் இங்கே முயல் நன்றி மறவாமல் ஏதாவது செய்து, செவந்திக்கு வேலை கிடைத்து, நாமும் வீட்டுக்குப் போகலாம். சொக்கலிங்கமும் மறக்கவில்லைதான். உள்ளே போனதும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னான்.

அடுத்து செவந்தியைக் கூப்பிட்டார்கள். நடுவில் நிறுவனத்தின் தலைவர், ஒரு யானை. பக்கத்தில் ஆள் எடுக்கும் அதிகாரி, ஒரு நரி. நரியின் மேசையில் சொக்கலிங்கத்தின் போன்.

"முன் பறப்பு அனுபவம்?" என்றது நரி.

"இல்ல சார்."

நரி போனைத் திருப்பிக் காட்டியது. முதலில் முயலின் பல், பிறகு வானம், பிறகு பாறை, பிறகு ஒரு செம்பருந்து. கடைசியில் அந்தக் கூடுதல் வட்டமும் இருந்தது.

"இது யாரும்மா?"

"எங்கக்கா மாதிரி இருக்கு சார்."

"உனக்கு அக்கா இருக்காங்களா?"

செவந்தி தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல சார்."

"அந்தத் தம்பியைப் பாரு. அதே கட்டத்துல 'பயணியாக ஒரு முறை, பதினோரு நொடி'ன்னு நேர்மையா சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கு. விழும்போதுகூட போனை விடலை. பதற்றமின்மைக்குப் பத்துக்குப் பத்து."

செவந்திக்குக் கோபம் வந்துவிட்டது. இனிப் போவதற்கு ஒன்றுமில்லை என்றால் எல்லோருக்கும் வருகிற கோபம்தான். "பறக்கத் தெரிஞ்சவளைப் பைலட் வேலைக்கு வேணாங்கறீங்களே, இது எந்த ஊரு நியாயம்?"

யானை கோபப்படவில்லை. காதை ஆட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னது. "அம்மா, நீ பைலட். நான் பயணி. ஆகாயத்துல ஏதோ கோளாறு. நீ என்ன செய்வே?"

"பறந்து..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள் செவந்தி.

"பறந்துடுவே. உனக்குத்தான் றெக்கை இருக்கே. நான் கீழே போவேன். இப்ப அந்த முயலை வச்சுப் பாரு. விழுந்தா அதுவும் எங்ககூடத்தான் விழும். அதனால உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டும். பறக்கத் தெரியாத பைலட்தாம்மா பாதுகாப்பு."

செவந்திக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.

"ஆனா திறமை வீணாகக் கூடாது" என்றது யானை. "விமானத்தைப் பார்த்தியா?"

பாறைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார்கள். குடைந்தெடுத்த ஒரு பெரிய இலவ மரம். மரங்கொத்திகள் வரிசையாக ஜன்னல் போட்டிருந்தன. முன்னால் பைலட்டுக்கு மெத்தை வைத்த இருக்கை, கையில் பிடிக்க ஒரு மைக். இருபுறமும் நீளநீளமாகக் காட்டுக்கொடிகள் தொங்கின.

"இன்ஜின் எங்கே சார்?" என்று கேட்டாள் செவந்தி.

நரி வேறொரு படிவத்தை எடுத்து நீட்டியது. ஒரே ஒரு கட்டம். 'முன் பறப்பு அனுபவம் கட்டாயம்.' "இருபது நாரை, பன்னிரண்டு கழுகு சேர்ந்தாச்சு. இடது பக்கம் முதல் இடம் காலியா இருக்கு. இன்னிக்கே சேர்ந்துக்கலாம்."

செவந்தி அந்தக் கொடியை அலகால் இழுத்துப் பார்த்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "அடையாள அட்டை உண்டா சார்?"

"உண்டும்மா. போட்டோ போட்டது."

வீட்டுக்கு வந்து, "வேலை கிடைச்சிருச்சும்மா" என்று மட்டும் சொன்னாள். மீதியை அம்மா தானாகவே நிரப்பிக்கொண்டாள்.

முதல் விமானத்தில் ஊழியர் குடும்பத்துக்கு இரண்டு இடம் கொடுத்தார்கள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் யார் என்கிறீர்கள்? மைனாக்காரிதான். அம்மாவே வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள். பிறவியிலேயே சிறகுள்ள இரண்டு பேர் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எப்போது பறக்கும் என்று காத்திருந்தார்கள். விமானம் எழும்பியது. மைக் கரகரத்தது.

"பயணிகளுக்கு வணக்கம். நான் உங்கள் கேப்டன் சொக்கலிங்கம் பேசுகிறேன்."

மைனாக்காரி மெதுவாகத் திரும்பினாள். "ஏங்க்கா, உங்க பொண்ணு பேரு சொக்கலிங்கமா?"

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே, கை எட்டும் தூரத்தில், மார்பில் கொடி இறுக, கழுத்தில் அட்டை காற்றில் படபடக்க, அவள் மகள் சிறகடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, இதைத்தானே வீட்டுலயும் பண்ணிட்டிருந்தே?" என்று கேட்டாள் அம்மா.

"வீட்டுல சும்மா பண்ணேம்மா" என்றாள் செவந்தி மூச்சிரைக்க. "இங்க வருகைப் பதிவேடு இருக்கு."

அம்மா மகளையே பார்த்தாள். அந்தச் சிறகையும், அது அசைய அசைய மேலே ஏறுகிற மரத்தையும், கீழே சின்னதாகிப் போன காட்டையும் பார்த்தாள். மகள் பறப்பதை இவ்வளவு பக்கத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை. எப்போதும் கிளையிலிருந்து திட்டியதோடு சரி.

பிறகு அவள் தலையை நிமிர்த்திக்கொண்டாள். "எம் பொண்ணு" என்று ஆரம்பித்தாள். செவந்தியின் காதில் அது காற்றையும் மீறி விழுந்தது. "கேப்டன் மைக்குல பேச மட்டும்தான் செய்வாரு. எம் பொண்ணு றெக்கையை நிறுத்தினா என்ன ஆகும்? நிறுத்தச் சொல்லிப் பார்க்கட்டுமாங்க?"

மைனாக்காரி கீழே எட்டிப் பார்த்தாள். இரண்டு காலாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். சிறகிருப்பது அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

"வேண்டாம்க்கா. உங்க பொண்ணு நல்லா இருக்கட்டும்."

செவந்தி சிரித்தாள். ஓட்டுநர் இருக்கையில் கேப்டன் சொக்கலிங்கம் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

நீதி: பறக்கத் தெரிந்தவர்கள் அதை விண்ணப்பத்தில் தகுதி என்று குறிப்பிட வேண்டாம். உதிரிபாகம் என்று குறிப்பிட்டால் உடனே எடுத்துக்கொள்வார்கள்.