பிரபஞ்சம் ஏற்றுக்கொண்ட மஞ்சள் தாள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் கல்யாண மண்டபத்து வாசலில் செருப்பு குவிந்து கிடந்தால், உள்ளே இலக்குச் சித்தர் மணவாளன் இருக்கிறார் என்று அர்த்தம். குறிஞ்சிப்பாடியிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்தார்கள். வீடு கட்ட நினைப்பவர், வெளிநாடு போக நினைப்பவர், பெண்ணுக்கு வரன் தேடுபவர், பையனை டாக்டராக்கியே தீருவேன் என்பவர், எல்லாருக்கும் ஒரே வைத்தியம்தான். ஒரு மஞ்சள் தாள், ஒரு கை தண்ணீர்.

"இலக்கை எழுது, இமயத்தைத் தொடு" என்று அவருக்கு இருபது அடி பேனர் அடித்துக் கொடுத்தவன் நான்தான். என் பெயர் உத்திராபதி, சிதம்பரத்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வேண்டும் என்று கேட்டார், போட்டுக் கொடுத்தேன். என் கையால் கம்ப்யூட்டரில் ஒட்டிய ஒளிவட்டத்தை மண்டபத்து வாசலில் பார்த்துவிட்டு, நானே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். புத்தி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு இல்லை.

முறை இதுதான். சித்தர் கொடுக்கும் மஞ்சள் தாளில் உங்கள் இலக்கை எழுதி நீட்ட வேண்டும். அவர் பக்கத்தில் இரண்டு சொம்பு இருக்கும். இலவச வகுப்புக்கு வந்தவருக்கு இடது சொம்பிலிருந்து தெளிப்பார். தாள் மஞ்சளாகவே இருக்கும். "உன் மனசுல சந்தேகம் இருக்குப்பா. பிரபஞ்சம் கதவைத் தொறக்கல" என்பார். நாற்பத்தெட்டு நாள் பயிற்சிக்குப் பணம் கட்டியவருக்கு வலது சொம்பு. தெளித்த மாத்திரத்தில் தாள் சிவந்துவிடும். "பிரபஞ்சம் ஏத்துக்கிச்சு" என்று மைக்கில் சொல்வார். மண்டபமே கை தட்டும். யார் பணம் கட்டினார், யார் கட்டவில்லை என்பது பிரபஞ்சத்துக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நானும் பணம் கட்டி எழுதினேன், பத்துக் கிலோ குறைய வேண்டும் என்று. தாள் சிவந்தது. அந்தச் சந்தோஷத்தில் வெளியே வந்து நாலு பரோட்டா சாப்பிட்டேன். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ கூடியிருந்தது. போய்ச் சொன்னேன்.

"நடுவுல எடை பாத்தியா?" என்று கேட்டார் சித்தர்.

"ஒரே ஒரு தடவ பாத்தேன் சாமி."

"அதான் தப்பு. பாத்தாலே சந்தேகப்பட்டதா அர்த்தம்."

நான் பருத்தது என் பேண்ட்டோடு போயிற்று. என் தங்கை வீட்டுக்காரர் ராஜ்கமலையும் அங்கே கூட்டிக்கொண்டு போனேனே, அதுதான் மன்னிக்க முடியாத காரியம்.

ராஜ்கமல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அண்ணாமலை நகரில் வாடகை வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருஷமாகக் குரூப் டூ தேர்வுக்குப் படிக்கிறார். தங்கை தமிழ்ச்செல்வி கல்யாணங்களுக்கு ஆரத்தித் தட்டு அலங்காரம் செய்து வீட்டை ஓட்டுகிறாள். இந்தத் தடவைதான் கடைசி, கிடைக்கவில்லை என்றால் பழைய வேலைக்கே திரும்பிவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். தேர்வுக்கு முப்பத்தைந்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் தாள் சிவந்தது.

"இனிமே புத்தகத்தைத் தொடாத. வெதையைப் போட்டுட்டுத் தெனம் தோண்டிப் பாப்பியா?" என்றார் சித்தர்.

மாப்பிள்ளை புத்தகங்களை அட்டைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிவிட்டார். காலையில் கண்ணை மூடிக்கொண்டு, ஆபீஸ் நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்ப்பார். மத்தியானம் நிஜமாகவே தூங்கிவிடுவார்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்த தங்கை என் கடைக்கு வந்தாள்.

"ஏண்ணே, படிச்சிக்கிட்டு இருந்த மனுஷனைக் கூட்டிம்போய் இப்புடிக் கெடுத்து வச்சிருக்கியே, நல்லா இருப்பியா நீ?"

"தாளு செவந்துச்சு செல்வி. என் கண்ணால பாத்தேன்."

"மஞ்சத் தாளா?"

"ஆமா."

"தண்ணி பட்டதும் செவந்துச்சா?"

"அதத்தான் சொல்றேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் நானூறு கல்யாணத்துக்காவது ஆரத்தி கரைத்தவள். அதில் பாதிக் கல்யாணத்துக்குப் பேனர் கட்டப் போய், தட்டுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவள் என்னை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளையிடம் மிச்சமிருந்த மஞ்சள் தாளில் ஒரு துண்டைக் கிழித்தாள். ஆரத்திக்கு வைத்திருந்த தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டுத் தெளித்தாள். தாள் சிவந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மாப்பிள்ளைக்கு நம்பிக்கை போகவில்லை. "அவுருகிட்ட இருக்கிறது தீர்த்தம். உன்கிட்ட இருக்கிறது சுண்ணாம்பு. ரெண்டும் ஒண்ணா?" என்றார்.

"ஞாயித்துக்கெழம நானும் வர்றேன் மாமா" என்றாள் அவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. புருஷனோடு பெண்டாட்டியும் இலக்கு எழுதினால் இரட்டைப் பலன் என்று சித்தர் அறிவித்திருந்தார். மாப்பிள்ளையோடு தங்கையும் மேடை ஏறினாள். கையால் மறைத்துக்கொண்டு எழுதித் தாளை நீட்டினாள். பணம் கட்டிய குடும்பம் ஆயிற்றே, சித்தரின் கை தானாக வலது சொம்புக்குப் போனது. தாள் சிவந்தது.

"பிரபஞ்சம் ஏத்துக்கிச்சு. உங்க இலக்கை வாய்விட்டுப் படிங்கம்மா, சபை கேக்கட்டும்" என்று மைக்கை அவள் கையிலேயே கொடுத்தார்.

தங்கை நிதானமாகப் படித்தாள். "என் வூட்டுக்காரர் ராஜ்கமல் இந்தப் பரீட்சையில கண்டிப்பா பெயிலாவணும்."

மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ரெண்டு வாரம் முன்னாடி இவுரு பாஸாவணும்னு எழுதுனாரு. அது செவந்துச்சு. இப்ப நான் பெயிலாவணும்னு எழுதிருக்கேன். இதுவும் செவந்துடுச்சு. ரெண்டையும் ஏத்துக்கிட்டா இவுரு பாஸா, பெயிலா? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

சித்தர் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இப்புடி எதிர்மறையா எழுதக் கூடாதும்மா. பிரபஞ்சம் கொழம்பிடும்."

"கொழம்புனா செவக்கக் கூடாதுல்ல? சரி, இந்தாங்க வெறுந்தாளு. இதுல ஒண்ணுமே எழுதல. இதுல தெளிங்க."

"தீர்த்தம் தீந்துபோச்சும்மா."

"தீந்துடுச்சா? அப்ப சொம்பைக் குடுங்க, பாப்போம்."

அவர் இழுத்தார், இவளும் இழுத்தாள். சொம்பு சாய்ந்து, முன்னால் இருந்த தாம்பாளத்தில் தண்ணீர் கொட்டியது. கடைசியில் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு வண்டல் வழிந்தது. முன் வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ரத்தினம்மாள், மகனுக்கு வெளிநாட்டு வேலை கேட்டு வந்தவர், எழுந்து வந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாடா இது, வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பு."

தங்கை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்கும்னு தெரியாதவுங்க இங்க யாராச்சும் இருக்கீங்களா?"

ஒரு கையும் உயரவில்லை. அதே மண்டபத்தில், அதே மேடையில், மணமக்களுக்கு ஆரத்தி சுற்றிய கைகள் அவை. வருஷக்கணக்காகத் தாங்களே கரைத்த நிறத்துக்குத்தான் வாரா வாரம் கை தட்டியிருக்கிறார்கள். முதலில் ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் மண்டபமே சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருக்கும்.

சித்தர் பின்வாசல் பக்கம் நகர்ந்தார். நாற்பத்தெட்டு நாள் பயிற்சிக்காரர்கள் அங்கே ஏற்கெனவே போய் நின்றார்கள். அவர்களில் ஒருவர், "கட்டிய பணம் திரும்ப வர வேண்டும்" என்று மஞ்சள் தாளில் எழுதி அவரிடமே நீட்டினார். அந்த இலக்கு மட்டும் தண்ணீர் தெளிக்காமலே அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நிறைவேறியது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டியதும் மாப்பிள்ளை தங்கை பக்கம் திரும்பினார்.

"நான் பெயிலாவணும்னு நெசமாவே எழுதுனியா?" என்று கேட்டார்.

"படிக்காம நீங்க பாஸாயிருந்தா ஆயுசு முழுக்க அந்தத் தாளைத்தான் கும்பிடுவீங்க மாமா. அதுக்குப் பெயிலே தேவலாம்."

அவர் என்னிடம் திரும்பி, "மச்சான், இன்னும் எத்தினி நாளு இருக்குது?" என்று கேட்டார்.

"இருபத்தோரு நாளு மாப்ள."

"ஜாஸ்தி இல்ல" என்றார். வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அட்டைப் பெட்டியின் டேப்பைக் கிழித்தார்.

பாஸ் ஆனாரா என்று கேட்பீர்கள். தேர்வு எழுதிவிட்டார், ரிசல்ட் இன்னும் வரவில்லை. எது வந்தாலும் அது அவர் படித்ததற்கு வருவது. உங்களுக்கும் ஏதாவது ஒரு இலக்கு இருக்கும். தாராளமாக எழுதி வையுங்கள். அதற்குத் தண்ணீர் தெளிக்க எவனாவது வந்தால் மட்டும், சொம்பை வாங்கிக் கவிழ்த்துப் பாருங்கள். கவிழ்க்கக் கூடாது என்று அவன் தடுத்தால், கவிழ்க்காமலே விஷயம் தெரிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய் உங்கள் வேலையைப் பாருங்கள்.