பொட்டு வைத்த பல்சக்கரம்

புதிதாகப் படித்துவிட்டு வந்தவன் கையில் அரத்தைக் கொடுக்கக் கூடாது. குரங்கு கையில் பூமாலை என்பார்களே, அந்தக் குரங்கு நான்தான்.

எழுபதுகளின் கடைசியில், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில் மெக்கானிக்காகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் கன்பர்ம் ஆகவில்லை. தூள் சலிக்கும் பகுதியில் வேலை பார்த்த சரோஜாவைப் பெண் கேட்டதற்கு, அவள் அப்பா, வேலை கன்பர்ம் ஆனால்தான் பெண் என்று கறாராகச் சொல்லியிருந்தார். (சரோஜா அப்படியெல்லாம் நிபந்தனை போடவில்லை.)

அந்த நேரம் பார்த்துக் கொழுந்து உருட்டும் மிஷினின் பல்சக்கரம் கரகரத்தது. ஃபேக்டரியை நடத்திய துரை என்னைப் பார்க்கச் சொன்னார். பல்லில் சிவப்புச் சாயம் பூசிக் கையால் சுற்றினால், எதிர்ச்சக்கரம் உரசும் இடம் தடமாகத் தெரியும். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனியில் விழுந்தால் நுனியை மயிரிழை ராவிவிட வேண்டும். ஃபிட்டர் மாணிக்கத்திடம் சாயம் பூசிச் சுற்றி வைக்கச் சொல்லிவிட்டு, ஆயுதபூஜைக்கு ஈப்போவில் இருக்கும் வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தால், ஒவ்வொரு பல்லின் நுனியிலும் கச்சிதமாகச் சிவப்பு. பாடப்புத்தகத்தில்கூட அவ்வளவு அழகான தடத்தை நான் பார்த்ததில்லை. யாரையும் கேட்கவில்லை (கேட்டால் படித்ததற்கு என்ன மரியாதை?). மயிரிழை என்று தொடங்கியவன், சிவப்பு இருந்த இடத்தையெல்லாம் ஒரு பல் விடாமல் ராவித் தள்ளினேன்.

துரை வந்து நிற்க, சுவிட்சைப் போட்டேன். ஒரு பல் விட்ட இடத்தில் அடுத்த பல் பிடிக்கவில்லை. மிஷின் ஒருமுறை அலறிவிட்டு நின்றது. சத்தம் கேட்டுச் சலிக்கும் பகுதியே ஓடிவந்தது. சரோஜா சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்த அரத்தைப் பார்த்தாள்.

"பூசைக்கு ஒவ்வொரு பல்லுக்கும் குனிஞ்சு குனிஞ்சு பொட்டு வச்சேன். ஏங்க அதப் போயி ராவுனீங்க?"

மாணிக்கம் தலையைச் சொறிந்தான். பூசை வேலையில் சாய டப்பாவைத் திறக்கவே இல்லையாம். துரை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, விழுந்து விழுந்து சிரித்தார். புதுச் சக்கரம் வந்து மிஷின் ஓடிய பிறகுதான் கன்பர்ம் என்றும் சொல்லிவிட்டார். சக்கரம் கப்பலில் ஆடி அசைந்து வந்தது. அதுவரை என் கல்யாணமும் நடுக்கடலில்தான் இருந்தது.

ஒருவழியாக மணவறையில் உட்கார்ந்து, சரோஜாவின் நெற்றியில் வைக்கக் குங்குமத்தை எடுத்தேன். மாமனார் குனிந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"மாப்ள, பொட்டு வச்சா போதும் லா. ராவிடாதீங்க."

இன்றும் ஆயுதபூஜைக்கு எங்கள் வீட்டில் மோட்டார், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சரோஜா பொட்டு வைப்பாள். பூஜையில் என் அரத்துக்கு மட்டும் இடமில்லை. அது அன்றைக்கு அலமாரியில் பூட்டிக் கிடக்கும், சாவி அவள் இடுப்பில்.