எட்டு கோர், பதினாறு நூல்

"இன்னிக்கு நாலு கோர் போட்டும் கடைசியா வந்தா, நான் கேம் ஆடறதையே விட்டுடறேன்!"

ஞாயித்துக்கிழமை காலையில லிஃப்ட் மெக்கானிக் பல்லு தேய்க்கும்போதே போட்ட சபதம் இது. ஊரையெல்லாம் மேல ஏத்தி விடற மனுஷன், கார் ரேஸ் கேம்ல மட்டும் எப்பவும் கடைசி. பழியெல்லாம் கம்ப்யூட்டரோட மூளையான ப்ராசஸர் மேல. இந்தக் கவலையிலயே உச்சந்தலை வேற வெட்டவெளி ஆயிடுச்சு.

வீட்டுல கம்ப்யூட்டர் ஒண்ணுதான். மனைவிக்குத் தையல் டிசைன் போட, இவருக்குக் கார் ஓட்ட. ரிப்பேர் கடை வெச்சிருக்கற மச்சான், அதாவது மனைவியோட அண்ணன், ரெண்டு பழைய ப்ராசஸரைக் காட்டி, "ஒவ்வொண்ணாப் போட்டு விடறேன் மாப்ளே, பிடிச்சதை வெச்சுக்கங்க"ன்னாரு. ஒரு வாரமா ஓடினது எட்டு கோர், எட்டு கை வெச்ச மாதிரி. பல வேலையை ஒண்ணா இழுக்கும், ஆனா நிதானம். இன்னிக்கு நாலு கோர். வேலை கொஞ்சம், வேகம் ஜாஸ்தி. இவர் குளிக்கும்போது, "மாத்திட்டேன் மாப்ளே!"ன்னு வெளியிலேர்ந்து குரல் வந்துச்சு.

மத்தியானம் கேம்ல இவர் ரெண்டாவது வந்தாரு! நாற்காலியே குதிச்சுது.

"பாத்தியா? நாலு கோர் பறக்குது! அந்த எட்டு கோர், பதினாறு த்ரெட்டெல்லாம் சும்மா பேச்சு."

மனைவி ஊசியிலேர்ந்து கண்ணை எடுக்கல. "எட்டு ஊசி கோர்த்தா எட்டு நூல்தானே? பதினாறு எப்படி?"

"அது வேற நூலு!"

"நீங்க விடறது எனக்குத் தெரிஞ்ச நூலுதான். சரி, நான் டிசைன் போட்டுக்கிட்டே கஸ்டமர்கிட்ட வீடியோவுல பேசணுமே, இது தாங்குமா?"

"ஒரு நேரத்துல ஒரு வேலை! அதை வேகமா முடிக்கறதுதான் புத்திசாலித்தனம். எட்டையும் இழுத்துப் போட்டுக்கறவன் மடையன்!"

"நெஜமாவா சொல்றீங்க?"

"சத்தியமா!"

"அப்ப சரி." ஊசியைக் குத்தி வெச்சா. "இனிமே எனக்குத் தையல் மட்டும். சமையல், துணி, பாத்திரம், பிள்ளைங்க பாடம்... மீதி ஏழும் உங்களுக்கு. வேகமா முடிச்சுடுவீங்க."

லிஃப்ட் அறுந்து விழுந்த மாதிரி அவரோட வீறாப்பு இறங்கிடுச்சு. சமையக்கட்டுல குவிஞ்சு கிடந்த பாத்திரத்தை எட்டிப் பாத்தாரு.

"வந்து... பொறுமையாப் பாத்தா, எட்டு கோர்தான் குடும்பத்துக்கு ஏத்தது."

"அப்பாடா"ன்னு ஊசியைத் திரும்பக் கையில எடுத்தா. இவரும் பெருமூச்சு விட்டாரு. கேம் போனாப் போகுது, பாத்திரம் தப்பிச்சுது!

சாயங்காலம் மச்சான் வந்தாரு. "என்ன முடிவு மாப்ளே?"

"எட்டு கோரையே திரும்பப் போட்டுடுங்க."

மச்சான் சட்டைப் பையிலேர்ந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்தாரு. ஒட்டின டேப் பிரிக்கவே இல்ல. "இதுதான் நாலு கோர். தங்கச்சி போடவே வேண்டாம்னுட்டா. இன்னிக்கு ஓடினதும் எட்டு கோர்தான்."

மெக்கானிக்குக்குக் கோவம் வரணும். ஆனா சிரிப்புதான் வந்துச்சு. அப்ப கேமும் பிழைச்சுது, பாத்திரமும் தப்பிச்சுது!

"அப்புறம் எப்படிம்மா பறந்துச்சு?"

"அண்ணன் மூடியைத் திறந்தப்ப ஃபேனைச் சுத்தம் பண்ணினேன்"னா மனைவி, அவரோட உச்சந்தலையைப் பாத்துக்கிட்டே. "அங்க இல்லாததெல்லாம் இதுக்குள்ளதான் சுத்திக்கிட்டு இருந்துச்சு."