ஊத மட்டும் தெரிந்த பலூன்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நீண்டகாலம் சும்மா இருந்துவிட்டு எங்கள் எம்.டி.யைக் கண்டுபிடித்தது. நிறுவனத்தின் விளம்பர அதிகாரியாக இருந்தபோது இதைச் சம்பளத்துக்குச் சொன்னேன். இப்போது இலவசமாகவே சொல்கிறேன்.

எங்கள் தொழில் நுட்பமானது. குளிரூட்டிய அறையில் ஒரே ஒரு பெரிய கணினி. அதற்குள் மென்பொருளால் ஆன பல சின்னக் கணினிகள். ஒவ்வொன்றும் தான்தான் முழுக் கணினி என்று நம்பிக்கொண்டிருக்கும். பெரியதற்கு 'வீட்டுக்காரர்' என்று பெயர், சின்னவற்றுக்கு 'விருந்தாளிகள்'. விருந்தாளிகளிடம் வாடகை வாங்குவதுதான் எங்கள் விருந்தோம்பல். ஒரு பல் மருத்துவர், ஒரு சலவைக் கடைக்காரர், தேர்வு முடிவுகளை வெளியிடும் ஒரு கல்வி அலுவலகம் என்று மரியாதைக்குரிய பலர் அதில் இடம் பிடித்திருந்தார்கள்.

சிக்கல் நினைவகத்தில், அதாவது கணினி யோசிக்கத் தேவையான இடத்தில், வந்தது. வீட்டுக்காரரிடம் இருந்ததைவிட அதிக நினைவகத்தை எம்.டி. விற்றுவிட்டார். வேறு தொழிலில் இதை மோசடி என்பார்கள். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் 'தொலைநோக்கு'.

அவசரக் கூட்டம் கூடியது. எம்.டி., ஏழு இயக்குநர்கள், நான், நினைவக வடிவமைப்புப் பொறியாளரான என் மனைவி.

"எல்லாரும் ஒரே நேரத்துலயா யோசிக்கப் போறாங்க?" என்றார் எம்.டி. "சும்மா இருக்கறவன் எடத்த எடுத்து வேலை செய்யறவனுக்குக் குடுக்கணும். முடியுமாம்மா?"

"முடியும் சார்," என்றாள் என் மனைவி. "ஒவ்வொரு விருந்தாளிக்குள்ளயும் ஒரு பலூன் வைப்போம். நெஜ பலூன் இல்ல, புரோகிராம். அத ஊதினா உள்ள எடம் கொறையும். அவங்க வேண்டாததை ஒதுக்கிடுவாங்க. பலூன் பிடிச்ச எடத்த நாம வேற ஆளுக்குத் தரலாம்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"வீடு கொஞ்சம் சுருங்கின மாதிரி இருக்கும். ஆனா அவங்களுக்கு வேலை வந்ததும் காத்த எறக்கி எடத்தத் திருப்பிக் குடுத்துடணும். அதுதான் சார் முக்கியம்."

எம்.டி. கண்களை மூடினார். அவர் கண்ணை மூடினால் எங்கோ ஒரு சீர்திருத்தம் பிறக்கும்.

"ஊதறது நல்லா இருக்கு. எறக்கறது எதுக்கு?"

"அது அவங்க எடம் சார்."

"எடுத்ததத் திருப்பிக் குடுத்தா, எடுத்ததுக்கே அர்த்தம் இல்லையேம்மா! எறக்கற வேலைய எடுத்துடு. அப்புறம், விருந்தாளிங்கள்ல என்னோட மிஷினும் ஒண்ணு இருக்கே, அதுக்கு மட்டும் பலூன் வேண்டாம். அது பாட்டுக்குத் தாராளமா இருக்கட்டும்."

இயக்குநர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். விளம்பர அதிகாரிக்குக் கை இருப்பது வேறெதற்கு?

அன்று மாலை வீட்டில் துணி மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள்: "என்னங்க, காத்த ஏத்திக்கிட்டே இருந்தா என்ன ஆகும் தெரியுமா?"

"வெடிக்கும்."

"வெடிச்சாத்தான் பரவாயில்லையே. வெடிக்காது. உள்ள இருக்கறவங்களுக்கு மூச்சு முட்டும்."

"பேசாம வேலைய விட்டுடேன்."

"நான் விட்டா, ஊதறதுக்கு உங்களத்தான் கூப்பிடுவாங்க. உங்களுக்குத்தான் பழக்கம் இருக்கு."

இந்தச் சிக்கனத்தைக் கேள்விப்பட்டு ஒரு சங்கம் எம்.டி.க்கு 'நினைவகச் செம்மல்' பட்டம் வழங்க முன்வந்தது. விழா நடந்த அன்றுதான் தேர்வு முடிவுகளும் வெளியாயின.

மேடையில் எம்.டி. எழுந்தார். அவருடைய உரை அவர் கணினியிலிருந்து எதிரே இருந்த திரையில் ஓடியது. "நினைவகம் என்பது..." என்று தொடங்கினார். அதே நொடியில் மாணவர்கள் அத்தனை பேரும் மதிப்பெண் கேட்டார்கள். கல்வி அலுவலகத்தின் கணினி இடம் கேட்டது. எந்தப் பலூனும் இறங்கவில்லை. என் கைபேசி அலறியது.

"நோயாளி வாயத் தெறந்துட்டு ஒக்காந்திருக்கார்," என்றார் பல் மருத்துவர். "எந்தப் பல்லுன்னு உங்க மிஷின் சொல்ல மாட்டேங்குது!"

மேடையேறி எம்.டி.யின் காதில் சொன்னேன். அவர் மைக்கை மூட மறந்துவிட்டார்.

"இருக்கறதுலயே ரொம்ப ஆடற பல்லா பாத்துப் புடுங்கச் சொல்லு!"

உரையின் சிறந்த பகுதி இதுதான் என்று நினைத்து அரங்கம் கைதட்டியது.

மூச்சு முட்டினால் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்வார்: இருப்பதிலேயே பருத்த விருந்தாளியைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார். பலூனே இல்லாமல் வளர்ந்த எம்.டி.யின் கணினிதான் அன்று பருத்தது. திரை இருண்டது.

"நினைவகம் என்பது..." என்றார் எம்.டி. மறுபடியும், "என்பது..." என்றார். கூட்டத்தைப் பார்த்தார். "நன்றி," என்று உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சலவைக் கடையில் யார் சட்டை யாருடையது என்று கைகலப்பு. பல்லை அடைக்க வந்து பல்லை இழந்தவர் வழக்குப் போட்டார். உடனே விசாரணைக்கு ஏற்பாடானது. நடுநிலை தவறக்கூடாது என்பதற்காக எம்.டி.யின் மைத்துனரே விசாரணை அதிகாரியானார்.

"அத்தான்," என்றார் அவர், "காத்த எறக்கற வேலைய எடுக்கச் சொன்னது யாரு?"

"நான் சொன்னதா நினைவில்லையே."

இயக்குநர்களைக் கேட்டார். முதலாமவர் ஒரு பெருமூச்சு விட்டு, "அப்படி ஒண்ணும் நினைவில்லையே" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள், அதே பெருமூச்சோடு.

"எனக்கு நல்லா நினைவிருக்கு," என்றாள் என் மனைவி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எம்.டி.யின் பார்வை எனக்குள் ஒரு பலூனை வைத்து ஊத ஆரம்பித்தது. மனைவி என்னைப் பார்க்கவே இல்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"எனக்கும் நினைவிருக்குங்க," என்றேன். "கைதட்டினதுல உள்ளங்கையே வலிச்சுது."

குற்றம் என் மனைவியுடையது என்று முடிவானது. அவளைச் சொந்தத் தவறுக்காகவும் என்னைச் சொந்த நினைவுக்காகவும் ஒன்றாகவே அனுப்பினார்கள். தெருவுக்கு வந்ததும் அவள் கடகடவென்று சிரித்தாள். "என்னங்க, இப்பதான் மூச்சு விட முடியுது," என்றாள்.

ஆனாலும் அந்த நிறுவனத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. பலரிடம் ஒரே தகவல் இருந்தால், ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பகிர்ந்து தருவதுதான் நினைவகக் கலையின் உச்சம். கணினியின் உதவியே இல்லாமல் அதை அவர்கள் அந்த அறையில் சாதித்தார்கள். ஆளுக்கொரு பொய் என்று இடத்தை வீணாக்காமல், எட்டுப் பேரும் ஒரே பொய்யில் குடித்தனம் நடத்தினார்கள்.