நெடுங்கரை நீர்நாய்

நெடுங்கரை வனச்சரக அலுவலகத்தில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. சவுரியம்மாளின் குழம்பில் கிடக்கும் மீன் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது.

‘ஏரியில் மீன் பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம்’ என்ற பலகை அலுவலக வாசலில்தான் நின்றது. சமையல் செய்யும் சவுரியம்மாள் வாரம் இருமுறை அதைக் கடந்துதான் கூடையோடு உள்ளே வருவார். அந்நேரம் வனச்சரகர் ராஜாமணி கோப்பில் மூழ்கிவிடுவார். வனக்காப்பாளர் கோகுலகிருஷ்ணன் சன்னல் வழியே வானத்தை ஆராயத் தொடங்குவான்.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து கடிதம் வந்தது. நெடுங்கரை ஏரியில் நீர்நாய் வாழ்வது உண்மைதானா என்று சரிபார்க்க, முனைவர் பிரபாவதி வெள்ளிக்கிழமை வருகிறார். உண்மையென்றால் ஏரி காப்பிடமாக அறிவிக்கப்படும். இல்லையென்றால் திண்டிவனம் சாலையை ஒட்டிய கிழக்குக் கரை மனைப்பிரிவாகும். அந்தக் கரையில்தான் கோகுலகிருஷ்ணன் மூன்று ஆண்டுகளாக நீர்மருதும் நாவலும் நட்டு வளர்த்திருந்தான். அவற்றுக்கிடையே இப்போதே வண்ணக் கொடி கட்டிய கம்புகள் முளைத்திருந்தன.

“ஏம்பா, நீர்நாயை நீ பார்த்திருக்கியா?” என்றார் ராஜாமணி.

“நேர்ல இல்ல சார். ஆனா எட்டு வருஷமா ரெக்கார்டு இருக்கு. கருப்புப் பாறை மேல வாரா வாரம் மீன் தலை, செதில், குடலு. நானே போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்.”

“அப்ப பயமில்ல.”

பயம் வேறு திசையிலிருந்து வந்தது. ஆய்வுக்கு வருபவர் கண்ணில் சவுரியம்மாளின் கூடை பட்டுவிட்டால்? கோகுலகிருஷ்ணன் சமையலறைக்குப் போனான்.

“அக்கா, இந்த வாரம் மீன் வேணாம். சாம்பார் வெச்சிடுங்க.”

“ஏன் தம்பி, என் கொழம்பு கசந்துபோச்சா?”

“சேச்சே. டாக்டரு சொல்லிட்டாரு. கொலஸ்ட்ராலு.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும்.”

புதன்கிழமை பாறை வெறுமையாக இருந்தது. வியாழக்கிழமை அதில் ஓர் எறும்புகூட இல்லை. கழுவித் துடைத்த அம்மிபோல் பளபளத்தது. மனித நடமாட்டத்தால் நீர்நாய் மிரண்டிருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, கரைக்குச் செல்லும் எல்லா வழிகளையும் கயிறு கட்டி மறித்தான். ஆடு மேய்க்கும் குப்பம்மாள் வாரியிறைத்த வசவுகளை வாங்கிக்கொண்டான். வெள்ளிக்கிழமை விடியலில் போய்ப் பார்த்தபோது பாறை முன்னிலும் சுத்தமாக இருந்தது.

மணி ஆறு. பத்துக்குப் பிரபாவதி வந்துவிடுவார். கோகுலகிருஷ்ணன் திண்டிவனம் சந்தைக்கு வண்டியை விரட்டினான்.

“எந்த மீனு சார்?” என்றார் கடைக்காரர்.

“எதுவா இருந்தா என்ன? தலையோட குடுங்க, ஜல்தி!”

பத்தரை மணிக்குப் பிரபாவதி பாறையின் முன் குனிந்தார். ஒரு தலையைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீர்நாயைப் பற்றி ஏதும் அறியாதவர்கூடச் சங்கராவின் சிவப்பை அறிவார்.

“இது கடல் மீனாச்சே?”

கோகுலகிருஷ்ணன் ராஜாமணியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான். ராஜாமணி துணிந்து முன்வந்தார். “கடலு பக்கந்தான் மேடம், மரக்காணத்துல.”

“முப்பது கிலோமீட்டர் இருக்குமே.”

“இருக்குங்க.”

“நீர்நாய் பஸ் புடிச்சா போய்ட்டு வருது?” பிரபாவதி கையுறையைக் கழற்றினார். “நாளைக்குக் காலைல ஒரு தடவை பார்ப்பேன். புதுத் தடயம் இல்லன்னா, நீர்நாய் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போய்க்கினே இருப்பேன்.”

அன்று மாலை கோகுலகிருஷ்ணன் தன் கன்றுகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றான். தோளுயரம் வளர்ந்திருந்த நீர்மருது ஒன்றில், யாரோ மனை எண்ணைச் சுண்ணாம்பால் எழுதியிருந்தார்கள். சட்டை முனையால் அதைத் துடைத்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினான்.

“நாலு நாளா சாம்பாரு. வந்த விருந்தாளிக்கும் நாளைக்கு அதேதானா தம்பி?” என்றார் சவுரியம்மாள்.

“இனிமே என்ன வெச்சா என்னக்கா? உங்க இஷ்டம்.”

சனிக்கிழமை காலை ஏழரை மணி. பாறையை நெருங்கும்போதே கோகுலகிருஷ்ணனின் கால்கள் துள்ளத் தொடங்கின. பாறை முழுக்கச் செதில் மின்னியது. ஏரி மீனான ஜிலேபியின் தலைகள் ஒன்பது. பக்கத்தில் ஈரம் காயாத குடல். சங்கராவின் சாயல்கூட இல்லை. அவன் தன்னையறியாமல் ஏரியை நோக்கிக் கைகூப்பினான்.

பிரபாவதி ஒரு தலையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். “வெட்டு விழுந்த இடத்தைப் பாருங்க. ஒரே கடி! பிசிறே இல்ல. என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு தாடையைப் பார்த்ததில்ல. நல்லா வளர்ந்த ஆண் நீர்நாய்.”

அங்கேயே கைபேசியில் அறிக்கையைத் தட்டி, ஒன்பது தலைகளின் படங்களையும் இணைத்துச் சென்னைக்கு அனுப்பினார். பத்து மணிக்குப் பதில் வந்தது: பரிந்துரை ஏற்கப்பட்டது. கோகுலகிருஷ்ணன் கிழக்குக் கரைக்கு ஓடிப்போய்க் கொடிக் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடுக்கினான்.

மதியம் வாழை இலை போட்டார்கள். சோற்றின் மேல் மீன் குழம்பு ஆவி பறக்க விழுந்தது. முதல் கவளத்திலேயே பிரபாவதி கண்ணை மூடினார்.

“அபாரம்! ஏம்மா, இந்த மீன் எங்க வாங்கினது?”

ராஜாமணிக்குப் புரையேறியது. கோகுலகிருஷ்ணன் சன்னல் வழியே வானத்தைப் பார்த்தான். எட்டு ஆண்டுகளில் யாரும் கேட்டிராத அந்தக் கேள்வியைக் கேட்டதும் சவுரியம்மாளின் முகம் மலர்ந்தது. இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றியபடி அவர் சொன்னார்:

“வாங்கறதா? நம்ம ஏரியில புடிச்சதும்மா. எட்டு வருஷமா அந்தக் கருப்புப் பாறையிலதான் அருவாமனைய வெச்சி ஆய்ஞ்சிக்கினு வர்றேன், நீங்க சொல்ற நீர்நாயி ஒருநாளாச்சும் வந்து ஒத்தத் தலைய மோந்து பார்த்ததில்லியே!”