முப்பத்தோராவது மூட்டை

எனக்குக் கேள்வி கேட்க வெட்கம். பள்ளிக்கூடத்தில் தொடங்கிய இந்த வியாதி (மாத்திரை கிடையாது) தம்புள்ளையில் ஒரு முதலாளிக்கு முன்னால் என்னைக் கவிழ்த்தது.

உக்குவளையில் நான் வேலை செய்த போட்டோ கொப்பிக் கடையை அப்போது மூடவிருந்தார்கள். மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் அந்த முதலாளி, "மூட்டை நிறுக்கிறதை கம்ப்யூட்டர்ல காட்டுங்க. சரியா வந்தா ஆபீஸ் வேலை உங்களுக்குத்தான்" என்றிருந்தார். ராத்தாவின் (என் அக்காவின்) கணவர், என் மச்சான், சி என்ற கணினி மொழியில் தராசை வாசிக்கும் பகுதியையும் திரையையும் எழுதினார். திரையில் அழுத்தும் பட்டன்களை நான் ஸ்கிரிப்ட் என்ற வேறு வகைக் கணினி மொழியில் செய்து, அவருடைய சி-யிடம் ஒப்படைத்தேன்.

ஸ்கிரிப்டுக்கு ஒரு சுத்தக்காரப் புத்தி. யாரும் பிடித்து வைத்திருக்காத பொருளைக் குப்பை என்று நினைத்து, அவ்வப்போது கூட்டித் தள்ளிவிடும். பட்டன் இப்போது யார் பொறுப்பு என்று மச்சானிடம் கேட்டிருக்கலாம். வீட்டு மாப்பிள்ளையிடம் போய் "நீங்க சரியாச் செஞ்சீங்களா?" என்று கேட்பதா? கேட்கவில்லை.

வீட்டில் நாலு முறை அழுத்திப் பார்த்தோம். அருமையாக வேலை செய்தது.

தம்புள்ளையில் பல்லேகம ஊர் விவசாயி ஒருவரின் வெங்காயம் தராசில் ஏறியது. முப்பது மூட்டை வரைக்கும் நான் அரசன். முப்பத்தோராவதுக்கு அழுத்தினேன். திரை அப்படியே மறைந்தது, அதுவரை நிறுத்த முப்பது மூட்டைக் கணக்கோடு. பின்னால் லொறிகள் ஹோர்ன் அடித்தன.

"எங்க தம்பி என்ட வெங்காயம்?" என்றார் விவசாயி.

"உள்ளுக்கு இருக்கு ஐயா" என்றேன். (எந்த உள்ளுக்கு என்று எனக்கே தெரியாது.)

முதலாளி ஏசவில்லை. "மொதல்ல மூட்டையைத் தூக்குங்க" என்றார். முப்பதையும் மறுபடி தராசில் ஏற்றினேன். அந்த விவசாயியும் பாவம் பார்த்து ஒரு பக்கம் பிடித்தார்.

வீட்டில் நானும் மச்சானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தோம். நடந்ததையெல்லாம் கேட்டிருந்த ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா.

"அந்தப் பட்டன யாரு பிடிச்சிட்டு இருந்த?" என்று கேட்டா.

"இவர்" என்றேன். "இவன்" என்றார் மச்சான். ஒரே நேரத்தில்.

அவருடைய சி, பட்டனின் விலாசத்தை மட்டும்தான் குறித்து வைத்திருந்தது. பட்டனை ஸ்கிரிப்ட் எப்போதோ கூட்டித் தள்ளியிருந்தது. இடித்த வீட்டின் கதவைத் தட்டியிருக்கிறோம். சி விடச் சொல்லும்வரை பிடித்திரு என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி போட்டேன். அவ்வளவுதான்.

அடுத்த கிழமை முதலாளி நூறு மூட்டை நிறுக்கச் சொன்னார். நூறும் நின்றது. அந்த ஆபீஸில்தான் இன்றைக்கும் இருக்கிறேன்.

போன பெருநாளைக்குக் கொதிக்கக் கொதிக்க இருந்த புரியாணிச் சட்டியை மச்சானும் நானும் அடுப்பிலிருந்து இறக்கினோம். முழு வீடும் கேட்கும்படி ராத்தா கத்தினா:

"பட்டன்! பட்டன்!"

விருந்தாளிகள் தங்கள் சட்டையைக் குனிந்து பார்த்தார்கள். நாங்கள் ரெண்டு பேரும் சட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தோம்.